பரமபதமா, ஆடுபுலியா? வெளிநாட்டு வேலையைப் பலகையில் வைத்துக் கற்பிப்பது

வெளிநாட்டு வேலை பற்றிய பேச்சுக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பஞ்சமே இல்லை. பேருந்து நிலையச் சுவரில் ‘சிங்கப்பூருக்கு வெல்டர், ஃபிட்டர் உடனடித் தேவை’ என்று ஒட்டியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் நாள்தோறும் நாலு விளம்பரம் வந்து விழுகிறது. தெருவுக்கு ஒருவராவது துபாயிலோ குவைத்திலோ இருந்துவிட்டு வந்தவர் இருக்கிறார். 2015-இல் எஸ். இருதயராஜனும் அவருடைய குழுவினரும் நடத்திய தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, இந்த மாநிலத்தவர் சுமார் 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாகக் கணக்கிட்டது. அதிகம் பேர் இருந்த நாடு சிங்கப்பூர். அமீரகமும் சவுதியும் அடுத்து வந்தன. இத்தனை பேர் போய்வந்த பாதையில் இன்னும் ஏன் இளைஞர்கள் விழுகிறார்கள்?

படிப்பில்லாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்ற பதில் இனிச் செல்லாது. 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழக இளைஞர்கள் மியான்மர் எல்லையில் உள்ள மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கினார்கள். கும்பல்கள் குறிவைத்ததே தகவல் தொழில்நுட்பம் அறிந்தவர்களைத்தான் என்று வெளியுறவு அமைச்சகம் அப்போது எச்சரித்தது. கணினி தெரிந்தவர்கள், ஆங்கிலம் வாசிப்பவர்கள், தேடினால் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கக்கூடியவர்கள். அவர்களுக்குத் தகவல் எட்டாத தொலைவில் இல்லை.

எதிரே ஏஜென்ட் உட்கார்ந்திருக்கிறார். ‘நாளைக்குள் பணம் கட்டலைன்னா சீட்டு வேற ஆளுக்குப் போயிடும் தம்பி’ என்கிறார். அப்பா நகையை அடகு வைத்துப் பணம் கொண்டுவந்துவிட்டார். ஊரில் பாதிப் பேருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அந்த நேரத்தில் ‘ஒப்பந்தத்தை ஒருதரம் காட்டுங்க அண்ணே’ என்று கேட்பதற்குத் தகவல் போதாது. கேட்டுப் பழகிய வாய் வேண்டும். துண்டுப் பிரசுரமும் விழிப்புணர்வு ஊர்வலமும் இந்தப் பழக்கத்தைத் தருவதில்லை. பணம் இழக்காமல், மானம் போகாமல், பத்துத் தடவை தோற்றுப் பழகுவதற்கு மலிவான வழி ஒன்று உண்டென்றால் அது பலகை விளையாட்டு. ஆனால் எந்த விளையாட்டு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தவறான ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அது தவறான பாடத்தை ஆழப் பதித்துவிடும்.

விளையாட்டைக் கொண்டு கற்பிப்பது நமக்குப் புதிதல்ல. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க விரித்துவைக்கும் பரமபத சோபான படமே ஒரு பாடப்பலகைதான். புண்ணியம் ஏணி, பாவம் பாம்பு, உச்சியில் பரமபதம். சமண மரபிலும் இதே வகைப் பலகைகள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இது இங்கிலாந்துக்குப் போய், சமயப் பொருளை மெல்ல மெல்ல உதிர்த்துவிட்டுக் குழந்தைகளின் பாம்பு ஏணி ஆட்டமாக உலகெங்கும் பரவியது. அமெரிக்காவில் மில்டன் பிராட்லி 1860-இல் வெளியிட்ட வாழ்க்கை விளையாட்டும் நற்குணத்தையும் கெட்ட பழக்கத்தையும் கட்டங்களில் வைத்துக் காட்டியதுதான்.

இவற்றைவிட நமக்கு முக்கியமான முன்னுதாரணம் லிஸ்ஸி மகீ என்ற அமெரிக்கப் பெண் 1904-இல் காப்புரிமை பெற்ற ‘நிலச்சுவான்தார் விளையாட்டு’. நிலத்தைக் குவித்து வாடகை வாங்குபவர் எப்படி மற்றவர்களை ஓட்டாண்டியாக்குகிறார் என்று காட்டுவதே அவருடைய நோக்கம். பொருளியல் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜின் நிலவரிக் கொள்கையைச் சாதாரண மக்களுக்குப் புரியவைக்க அவர் அதைச் செய்தார். கைமாறிக் கைமாறி, 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் மோனோபொலி என்று விற்றபோது கண்டனம் போய்விட்டது. குவிக்கும் இன்பம் மட்டும் மிஞ்சியது. நம் வீடுகளில் கோடை விடுமுறையில் ஆடும் பிசினஸ் ஆட்டம் அந்த வழியில் வந்ததுதான். எதை எண்ணி ஆட்டத்தைச் செய்தோம் என்பது ஆடுபவருக்குத் தெரியாது. எதைச் செய்தால் ஜெயிக்கலாம் என்பதைத்தான் அவர் கற்றுக்கொள்கிறார். வெளிநாட்டு வேலைக்கான விளையாட்டை வடிவமைக்கிறவர் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது இது. அதிகம் சம்பாதித்தவருக்கே வெற்றி என்று விதி வைத்துவிட்டு, நடுநடுவே ‘எச்சரிக்கை’ அட்டைகளைச் செருகினால், எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் திறமையைத்தான் பிள்ளைகள் பழகுவார்கள்.

அயல்நாட்டில் அகப்பட்டு விழிக்கும் அனுபவத்தையே ஆட்டமாக்கிய முயற்சிகளும் உண்டு. அவற்றுள் சிறந்ததாக நான் கருதுவதைச் செய்தவர் சென்னையில் பிறந்து, பின்னாளில் அமெரிக்காவின் இந்தியானாவில் குடியேறிய சிவசைலம் தியாகராஜன். 1980-இல் லைபீரியாவில் பணிபுரிந்தபோது அவருக்குத் தோன்றிய சீட்டாட்டம் அது. அங்குள்ள க்பார்ங்கா என்ற ஊரின் பெயரையொட்டி ‘பார்ங்கா’ என்று அழைக்கப்படுகிறது. மேசை மேசையாக ஆட்கள் உட்கார்வார்கள். விதித்தாளை ஒருமுறை படித்ததும் திருப்பி வாங்கிவிடுவார்கள். அதன்பிறகு யாரும் பேசக்கூடாது. ஒரு சுற்று முடிந்ததும் வென்றவர் ஒரு மேசைக்கும் தோற்றவர் ஒரு மேசைக்கும் மாற வேண்டும். அங்கேதான் குழப்பம் தொடங்கும். ஒவ்வொரு மேசைக்கும் கொடுத்த விதி கொஞ்சம் கொஞ்சம் வேறு. அது யாருக்கும் தெரியாது. புதிதாக வந்தவர் தாம் ஜெயித்ததாக எண்ணிச் சீட்டை இழுப்பார். எதிரில் இருப்பவர் கையைத் தட்டிவிடுவார். இவன் ஏமாற்றுகிறான் என்று ஒருவருக்கும், இவனுக்கு ஆடத் தெரியவில்லை என்று இன்னொருவருக்கும் தோன்றும். மொழி தெரியாத ஊரில், மேற்பார்வையாளரின் முகக்குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிய எவருக்கும் இந்த நெருக்கடி புரியும். விலை ஒரு சீட்டுக்கட்டு. நம் ஐ.டி.ஐ.களிலும் செவிலியர் கல்லூரிகளிலும் இதை நடத்த எந்தத் தடையும் இல்லை. நடத்தாமல் இருப்பதுதான் வருத்தம்.

ஆர். கேரி ஷர்ட்ஸ் அமெரிக்கக் கடற்படைக்காக உருவாக்கிய ‘பாஃபா பாஃபா’வும் இதே வகை. அதே ஷர்ட்ஸ் 1969-இல் செய்த ‘ஸ்டார்பவர்’ வேறொரு பக்கத்தைத் தொடுகிறது. வில்லைகளைப் பண்டமாற்றுச் செய்து சிலர் மேலே போவார்கள். மேலே போனவர்களுக்கு விதிகளை மாற்றும் உரிமை கிடைக்கும். அவர்கள் அதைத் தமக்குச் சாதகமாகவே மாற்றிக்கொள்வார்கள். முதலாளியின் பெயரில் விசா, முதலாளியின் கையில் கடவுச்சீட்டு என்ற கஃபாலா ஏற்பாட்டை விளக்கப் பத்துச் சொற்பொழிவைவிட இப்படி ஒரு மணி நேரம் ஆடுவது மேல்.

கிராமக் குடும்பத்தின் முடிவுகளை ஆட்டமாக்கியதில் 2006-இல் வந்த ‘ஐயிட்டி’ குறிப்பிடத்தக்கது. நியூயார்க்கின் குளோபல் கிட்ஸ் அமைப்பு, பள்ளி மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு உருவாக்கியது. ஹெய்ட்டியின் நாட்டுப்புறத்தில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்தை நான்கு ஆண்டுகள் நடத்திச் செல்ல வேண்டும். யாரைப் பள்ளிக்கு அனுப்புவது, யாரை வேலைக்கு அனுப்புவது, நோய் வந்தால் என்ன செய்வது என்று பருவத்துக்குப் பருவம் முடிவெடுக்க வேண்டும். கணினியில் ஆடுவதுதான் என்றாலும் அதன் எலும்புக்கூடு ஒரு தாளில் அடங்கும். செஞ்சிலுவைச் சங்கத்தின் காலநிலை மையம் பாப்லோ சுவாரெஸின் வழிகாட்டலில் பல நாடுகளில் நடத்திய ஆட்டங்களுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. ஒரு பகடை, கொஞ்சம் பயறு. பயறுதான் கையிருப்புப் பணம். வெள்ளம் வருமா வராதா என்று முன்னறிவிப்பைக் காசு கொடுத்து வாங்குவதா, இல்லை பகடையை நம்பி இருந்துவிடுவதா என்று ஆடுபவர்கள் தீர்மானிக்க வேண்டும். முன்கூட்டி விசாரிப்பதற்கு ஒரு விலை உண்டு, விசாரிக்காமல் இருப்பதற்கு அதைவிடப் பெரிய விலை உண்டு என்பது சில சுற்றுகளில் விளங்கிவிடுகிறது. இந்த உத்தியைத்தான் வெளிநாட்டு வேலை விளையாட்டுக்கு நாம் கடன் வாங்க வேண்டும்.

இதெல்லாம் பலிக்கிறதா? உடல்நலம் குறித்த பலகை விளையாட்டுகளை அலசி 2019-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, அவை அறிவைக் கணிசமாகக் கூட்டுவதாகவும், நடத்தையில் உண்டாக்கும் மாற்றம் அதைவிடக் குறைவு என்றும் கண்டது. நேர்மையான முடிவு. வேறெந்தக் கற்பித்தல் முறைக்கும் இதுதான் நிலை என்பதால் இதைக் கேட்டுச் சோர்ந்துவிட வேண்டியதில்லை. ஆனால் ஆட்டம் ஆடிவிட்டோம், இனி யாரும் ஏமாறமாட்டார்கள் என்று அறிக்கை எழுதுவதும் கூடாது.

வெளிநாட்டு வேலை பற்றிய தகவல் மக்களை என்ன செய்கிறது என்பதற்கு நம் அண்டைப் பகுதிகளிலிருந்தே நல்ல ஆய்வுகள் கிடைக்கின்றன. அவற்றை விளையாட்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும். காத்மாண்டுவில் கடவுச்சீட்டு அலுவலகத்துக்கு வந்த இளைஞர்களிடம் மகேஷ்வர் ஸ்ரேஸ்தா நடத்திய ஆய்வு எனக்கு மிகவும் வியப்பளித்தது. முதல் தடவை போகப்போகிறவர்கள் வளைகுடாவிலும் மலேசியாவிலும் கிடைக்கும் சம்பளத்தை உள்ளதைவிட அதிகமாக எண்ணியிருந்தார்கள், அதில் ஆச்சரியமில்லை. ஆனால் அங்கே செத்துப்போவதற்கான வாய்ப்பையும் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகமாக எண்ணியிருந்தார்கள். உண்மையான இறப்பு விகிதத்தைச் சொன்னதும் அந்த அச்சம் குறைந்தது. போனவர்கள் எண்ணிக்கை கூடியது. ஆசையும் மிகை, பயமும் மிகை. கிராமத்து இளைஞர் இரண்டையும் ஒரே பையில் வைத்துக்கொண்டுதான் நடக்கிறார். சவப்பெட்டி வந்த செய்தி ஊரெங்கும் பரவும். பத்து ஆண்டு ஒழுங்காக வேலை பார்த்துத் தங்கை கல்யாணத்தை முடித்தவரின் கதை அவர் வீட்டோடு நின்றுவிடும். ஆகவே விளையாட்டு பயமுறுத்துவதற்கு மட்டும் இருந்தால் அது பாதி வேலைதான். பல விழிப்புணர்வுத் திட்டங்கள் செய்யும் பிழை இதுவே.

பிலிப்பைன்ஸின் சோர்சோகோன் மாகாணத்தில் எமிலி பீம், டேவிட் மெக்கென்சி, டீன் யாங் மூவரும் கிராமத்தாருக்குத் தகவல் கொடுத்து, இணையத்தில் வேலை தேட உதவி, கடவுச்சீட்டு எடுக்கவும் கைகொடுத்துப் பார்த்தார்கள். வேலை தேடியவர்கள் கூடினார்கள். வெளிநாடு போனவர்கள் கூடவில்லை. தகவல் தடையை அகற்றினாலும் மற்ற தடைகள் அப்படியே நின்றன. இந்தோனேசியாவில் சாமுவேல் பாஸியும் மற்றவர்களும் வேறு வகைத் தகவலைக் கொடுத்தார்கள்: எந்த அனுப்பு நிறுவனம் நல்லது, எது மோசம் என்ற தரவரிசை. அங்கே போகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தது. போனவர்கள் கூடுதல் ஆயத்தத்தோடு போனார்கள், போன இடத்தில் மேலான நிலையில் இருந்தார்கள். மூன்று நாடு, மூன்று விளைவு. ஆனால் மூன்றும் ஒன்றைத் தெளிவாகச் சொல்கின்றன: ‘வெளிநாட்டில் வாய்ப்பு இருக்கிறது’, ‘வெளிநாட்டில் ஆபத்து இருக்கிறது’ என்ற பொதுப்பேச்சால் பயன் சிறிது, யாரை நம்புவது, எந்த வழியில் போவது, என்ன கேட்பது என்ற குறிப்பான பேச்சுக்குத்தான் வலிமை.

இப்போது பரமபதத்துக்குத் திரும்புவோம். பாம்பு ஏணிப் படத்தை எடுத்து, ஏணியில் ‘நல்ல கம்பெனி’, பாம்பில் ‘போலி ஏஜென்ட்’ என்று எழுதிவிடுவது எளிது. யார் கையில் கொடுத்தாலும் ஆடிவிடுவார்கள், அச்சிடச் செலவில்லை. சுகாதாரம் முதல் தேர்தல் வரை எல்லாவற்றுக்கும் இந்தப் படம் பயன்பட்டிருக்கிறது. இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அது ஆகாது என்பது என் உறுதியான கருத்து. பாம்பு ஏணியில் ஆடுபவருக்கு எந்த முடிவும் இல்லை. தாயம் விழுந்தபடி காய் நகரும். பாம்பின் வாயில் விழுந்தவர் செய்த தவறு என்ன? எதுவும் இல்லை, எண் அப்படி விழுந்தது. ‘அவனுக்கு யோகம் இருந்தது, போய்ச் சேர்ந்தான், இவனுக்குக் கொடுப்பினை இல்லை, திரும்பி வந்தான்’ என்று ஊர் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கிற ஒன்றை ஆட்டம் மறுபடியும் முத்திரை குத்திக் கொடுக்கிறது. விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் மோசடியும், யாராலும் தடுக்க முடியாத விபத்தும் ஒரே பாம்பாகிவிடுகின்றன.

இரண்டையும் பிரித்துக் காட்டுவதுதான் இந்த விளையாட்டின் தலையாய கடமை. எண்ணெய் விலை சரிவது, போர் மூள்வது, 2020-இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றது, 2011-இல் சவுதி நிதாகத் விதியைக் கொண்டுவந்து உள்நாட்டவருக்கு வேலை ஒதுக்கியது: இவை பகடைக்கு உரியவை. உரிமம் இல்லாத ஏஜென்ட், சுற்றுலா விசாவில் வேலைக்கு அனுப்புவது, விசாவில் ஒரு கம்பெனிப் பெயரும் ஒப்பந்தத்தில் வேறு கம்பெனிப் பெயரும் இருப்பது: இவை பகடைக்கு உரியவை அல்ல. கவிழ்த்து வைத்த அட்டையாக இருக்க வேண்டும். ஒரு முறை ஆட்டத்தை விட்டுக்கொடுத்தால், அல்லது பணமாக வைத்துக்கொண்ட புளியங்கொட்டையில் இரண்டைச் செலுத்தினால், அட்டையைத் திருப்பிப் பார்க்கலாம். பார்க்காமலும் போகலாம். பார்க்காமல் போனவர் பின்னால் விழுந்தால் அதற்குக் காரணம் அவருக்கே தெரியும்.

இதற்கு நம்மிடமே ஒரு நல்ல பலகை இருக்கிறது. ஆடுபுலி ஆட்டம். கோயில் மண்டபத் தரையிலும் பாறையிலும் முன்னோர் செதுக்கி வைத்துவிட்டுப் போன கோடுகள் பல ஊர்களில் இன்றும் அழியவில்லை. மூன்று புலி, பதினைந்து ஆடு, தாயமே இல்லை. இருதரப்பும் சமமில்லை என்பதை ஆட்டம் தொடங்கும்போதே ஒப்புக்கொள்கிறது. புலி ஆட்டைத் தாண்டித்தான் வெட்டும். தாண்டி இறங்க ஆட்டுக்குப் பின்னால் வெற்றிடம் வேண்டும். பின்னால் இன்னொரு ஆடு நின்றால் புலியால் ஒன்றும் செய்ய முடியாது. பதினைந்தையும் பலகையில் வைத்து முடிக்கும் வரை ஆடுகளை நகர்த்தக்கூடாது என்பது வழக்கமான விதி.

வெளிநாடு போகிற ஒருவருக்குத் தெரியவேண்டிய எல்லாம் இந்த விதிகளில் இருக்கிறது. மூன்று புலிகளுக்குப் பெயர் வைப்பது கடினமல்ல: ஊருக்குள் வந்து ஆள்பிடிக்கும் சப்-ஏஜென்ட், கந்துவட்டிக்காரர், போன இடத்தில் கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும் முதலாளி. ஆடுகள் என்பவை இளைஞரிடமும் அவர் வீட்டிலும் இருக்கவேண்டிய காப்புகள். கடவுச்சீட்டின் நகல் அம்மாவிடம் ஒன்று. தமக்குப் புரியும் மொழியில் கையெழுத்திட்ட ஒப்பந்தம். ஏஜென்ட்டின் உரிம எண். கொடுத்த பணத்துக்கு ரசீது. தூதரகத்தின் தொலைபேசி எண். அதே ஊரில் வேலை பார்க்கும் ஒருவரின் பெயர். சம்பளம் விழும் தம் பெயரிலான வங்கிக் கணக்கு. காப்பீட்டுச் சீட்டு. ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வரவேண்டும். எல்லாம் வைக்காமல் நகரத் தொடங்கினால் எங்காவது ஒரு வெற்றிடம் இருக்கும், புலி அங்கேதான் இறங்கும். தனியாக நின்ற ஆடு வெட்டுப்படும் என்பதைப் பிள்ளைகள் நாலு ஆட்டத்தில் கண்டுகொள்வார்கள். யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

ஆட்டத்துக்குள் வைக்கும் எண்கள் உண்மையாக இருக்க வேண்டும். உரிமம் பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் என்பது இந்திய அரசின் விதி. சிங்கப்பூரிலோ, அங்குள்ள வேலைவாய்ப்பு நிறுவனம் தொழிலாளியிடம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்க முடியாது. ஆனால் ஊரில் லட்சக்கணக்கில் கைமாறுகிறது. இந்த இடைவெளியை ஆடுபவர் தம் புளியங்கொட்டைகளை எண்ணிப் பார்த்து உணர வேண்டும். ஒரு கணக்கு: ஒன்றரை லட்சம் ரூபாயை மூன்று வட்டிக்கு வாங்கிப் போனால் மாத வட்டி மட்டும் 4,500 ரூபாய். கத்தாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 1,000 ரியால்; நம் பணத்தில் ஏறத்தாழ 23,000 முதல் 25,000 ரூபாய். அந்த அளவில் சம்பளம் வாங்குகிறவர் வட்டிக்கே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைக் கட்டிவிட்டு, அசலை எப்போது அடைப்பார், வீட்டுக்கு என்ன அனுப்புவார்? இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் தலையாட்டுவார்கள். மாதத்துக்கு மாதம் தம் கையால் கொட்டையை எடுத்து வட்டிக்காரர் வேடம் போட்டவரிடம் கொடுத்துப் பார்த்தால் அது வேறு.

பத்தாம் வகுப்புத் தேறாதவரின் கடவுச்சீட்டில் ‘ஈ.சி.ஆர்.’ முத்திரை விழும். வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட குறிப்பிட்ட சில நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக, 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். பலர் இதைத் தொல்லை என்றே நினைக்கிறார்கள். ஏஜென்ட்டும் ‘விசிட் விசாவுல போயிடலாம், அங்க போய் மாத்திக்கலாம்’ என்று குறுக்குவழி காட்டுகிறார். அந்த அனுமதியோடு போனால்தான் ஒப்பந்தம் பதிவாகும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் சேரும். இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய், விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம். விளையாட்டில் இந்தக் காப்பீட்டு ஆடு மிக மலிவாகக் கிடைக்க வேண்டும். மலிவாகக் கிடைத்தும் எத்தனை பேர் வாங்காமல் விடுகிறார்கள் என்பதுதான் ஆட்டம் முடிந்தபின் பேச வேண்டிய விஷயம்.

இதுவரை சொன்னதெல்லாம் காப்பு. வாய்ப்பைப் பற்றியும் பலகை பேச வேண்டும். நம் கிராமத்து இளைஞரின் உலகப்படத்தில் இரண்டு மூன்று நாடுகள்தான் இருக்கின்றன. மாமா போன நாடு, மச்சான் போன நாடு. கீழக்கரை, அதிராம்பட்டினம் பக்கத்தில் கடல் கடந்து போய்ச் சம்பாதிக்கும் சபுராளிக் குடும்பங்களுக்கு வளைகுடா தெரியும். புதுக்கோட்டை, தஞ்சைப் பக்கத்தில் சிங்கப்பூர் தெரியும். சொந்தத்தில் யாரும் போகாத குடும்பத்துப் பிள்ளைக்கு, பெரும்பாலும் நிலமில்லாத தலித் குடும்பத்துப் பிள்ளைக்கு, அந்த இரண்டும்கூட எட்டாது. பலகையில் புதிய பாதைகளை வரைவது அவர்களுக்காகத்தான் முதலில் தேவை. ஜப்பான் 2019-இல் தொடங்கிய குறிப்பிட்ட திறனாளர் விசா முதியோர் பராமரிப்பு, வேளாண்மை போன்ற வேலைகளுக்கும் பொருந்தும். 2021 ஜனவரியில் இந்தியா அதற்கு உடன்படிக்கை செய்துகொண்டது. அடிப்படை ஜப்பானிய மொழித்தேர்விலும் திறன் தேர்விலும் தேற வேண்டும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக்கட்டணம் இல்லை. ஆனால் மாணவர் விசாவுக்கு 11,904 யூரோ, அதாவது பத்து லட்சம் ரூபாய்க்கு மேல், முடக்கக் கணக்கில் காட்ட வேண்டியிருக்கிறது. கட்டணம் இல்லை என்பதை மட்டும் சொல்லி இதைச் சொல்லாமல் விடும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்குக் கிடைக்கிறது. பட்டியல் சாதியினரோடு, நிலமற்ற வேளாண் தொழிலாளர், மரபுக் கைவினைஞர் குடும்பங்களும் அதில் அடக்கம். 1978 முதல் தமிழ்நாடு அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைச் சென்னையில் நடத்திவருகிறது என்பது எத்தனை ஊராட்சிகளில் தெரியும்?

இந்தப் பாதைகளுக்குப் பணத்தைவிடக் காலம் அதிகம் பிடிக்கும். மொழி படிக்க ஒரு வருடம், சான்றிதழ் சரிபார்க்க சில மாதம். ஆகவே பலகையில் மாதங்களைக் குறிக்கும் ஓரப்பாதை ஒன்று வேண்டும். கடன் வாங்கி உடனே பறப்பவரும், ஒரு வருடம் உள்ளூரில் வேலை பார்த்துக்கொண்டே மொழி படிப்பவரும் ஐந்தாம் ஆண்டில் எங்கே நிற்கிறார்கள் என்று இருவரும் பார்க்க வேண்டும். போகாமல் இருந்து ஊரிலேயே தொழில் செய்தவரும் ஜெயிக்கக்கூடிய விதி இருந்தே ஆகவேண்டும். அந்த விதி இல்லாத விளையாட்டு எந்தப் பெயரில் வந்தாலும் அது ஆள்பிடிக்கும் விளம்பரம். இந்தக் காரணத்தாலேயே வேலைக்கு அனுப்பும் நிறுவனங்கள் பணம் கொடுத்து இத்தகைய ஆட்டத்தை நடத்த அனுமதிக்கக்கூடாது.

பெண்களுக்குத் தனி ஆட்டம் வேண்டுமா? வேண்டாம்; அதே பலகையில் அவர்கள் உட்கார வேண்டும். ‘ஈ.சி.ஆர்.’ கடவுச்சீட்டுள்ள பெண் அந்த நாடுகளில் வேலைக்குப் போக 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதியும், செவிலியரை அந்த நாடுகளுக்கு எடுப்பது குறிப்பிட்ட அரசு நிறுவனங்கள் வழியாகவே நடக்க வேண்டும் என்ற விதியும் அவர்களுக்கான அட்டைகளில் இடம்பெற வேண்டும். பையன்களும் பெண்களும் பாத்திரத்தை மாற்றிக்கொண்டு ஆடுவது இன்னும் நல்லது. கணவர் வெளிநாட்டில் இருக்க, ஊரில் கடனை அடைத்து, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் ஒரு ஆட்டக்காரர்தான். அவரை விட்டுவிட்டு வரைந்த பலகை எதுவும் முழுமையானதாகாது.

ஆட்டத்தைவிட முக்கியமானது ஆட்டம் முடிந்தபின் நடக்கும் பேச்சு. இந்தத் துறையில் அனுபவமுள்ள எல்லோரும் வலியுறுத்துவது இதைத்தான். அரை மணி ஆடினால் அரை மணி பேச வேண்டும். எந்த இடத்தில் அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் விட்டாய்? ஏன்? அவசரமா, கூச்சமா, நண்பன் போனான் என்பதாலா? பேச்சை நடத்துபவர் ஆசிரியராக இருப்பதைவிட, போய்வந்த ஒருவராக இருப்பது நல்லது. ஏமாந்து வந்தவரும் வேண்டும், நன்றாக வாழ்ந்து வந்தவரும் வேண்டும். ஏமாந்தவரை மேடையேற்றிப் பரிதாபக் கதை சொல்லவைக்கக் கூடாது. அவர் புலியாக உட்கார்ந்து ஆடட்டும். புலி எப்படி நகரும் என்று அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

விளையாட்டு தொடாத இடங்கள் இருக்கின்றன. 2024 ஜூனில் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்துக் குறைந்தது 45 இந்தியர்கள் இறந்தார்கள். அவர்களில் தமிழரும் உண்டு. முறையாக வேலையில் சேர்ந்திருப்பதும் ஒப்பந்தத்தைச் சரிபார்த்திருப்பதும் எரியும் கட்டடத்தில் ஒருவரைக் காப்பாற்றாது. அது கட்டட உரிமையாளரும் நிறுவனமும் அந்நாட்டு அரசும் பொறுப்பேற்க வேண்டிய விஷயம். ‘நீ விசாரிக்கவில்லை, அதனால் விழுந்தாய்’ என்று பாதிக்கப்பட்டவர் மீதே பழிபோடும் கருவியாக இந்த ஆட்டம் மாறிவிடக்கூடாது. ஆடுபுலியில் பதினைந்து ஆட்டையும் சரியாக வைத்தும் சில ஆடுகள் வெட்டுப்படும். அதையும் மறைக்காமல் பேச வேண்டும்.

அயலகத் தமிழர் நலத்துறையும் திறன் மேம்பாட்டுக் கழகமும் கூடி ஒரு பலகையை உருவாக்கினால் பெரிய செலவு பிடிக்காது. ஒரு சார்ட் தாள், ஒரு கட்டு அட்டை, புளியங்கொட்டை. விதிகளும் கட்டணங்களும் ஆண்டுதோறும் மாறுவதால் பலகையை ஒருமுறையும் அட்டைகளை ஒவ்வோர் ஆண்டும் அச்சிட வேண்டும். ஐ.டி.ஐ. இறுதியாண்டு, பாலிடெக்னிக், செவிலியர் கல்லூரி, ஊர்ப்புற நூலகம், நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்று இடங்கள் ஆயத்தமாக இருக்கின்றன. அரசு செய்யும் வரை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஆடுபுலிக் கோடு போட்டு, பதினைந்து கூழாங்கல்லுக்கும் காகிதத் துண்டில் பெயர் எழுதி ஒட்டினால் இன்று மாலையே ஆடலாம். முதல் கல்லுக்கு ‘உரிம எண்’ என்று பெயர் வையுங்கள். மத்திய அரசின் ஈ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவுபெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியலை யார் வேண்டுமானாலும் கட்டணம் இல்லாமல் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.